செவ்வாயின் துருவப் பனி மாறுவதைச் சுற்றுக்கலப் படங்களில் அளப்பது எப்படி? கொங்குப் பகுதி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

செவ்வாய்க் கோளின் துருவங்களில் பனி கூடுவதையும் கரைவதையும் அளப்பதற்குப் பெரிய தொலைநோக்கி எதுவும் தேவையில்லை. நாசாவின் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் என்ற சுற்றுக்கலம் 2006 மார்ச் முதல் அந்தக் கோளைச் சுற்றி வருகிறது. அது எடுத்த படங்கள் அனைத்தும், எடுக்கப்பட்ட நாள், சூரியனின் உயரம், கேமராவின் சாய்வு ஆகிய விவரங்களோடு, எவரும் பதிவிறக்கிக்கொள்ளும்படி இலவசமாக வைக்கப்பட்டுள்ளன. ஈரோட்டிலோ உடுமலையிலோ கோபியிலோ இருக்கும் ஒரு கல்லூரி மாணவர், ஓரளவு வேகமான இணையமும் சாதாரண மடிக்கணினியும் இருந்தால், ஒரு பனிச்சுவர் எத்தனை மீட்டர் பின்வாங்கியது என்பதைத் தாமே கணக்கிட்டுச் சொல்லலாம்.

பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்து கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை, மங்கள்யானின் நிகழ்ச்சித்திட்ட இயக்குநராக (புரோகிராம் டைரக்டர்) இருந்தார் என்பதை நம் ஊர்ப் பள்ளி விழாக்களில் தவறாமல் சொல்கிறோம். அந்தப் பெருமிதத்தின் அளவுக்கு, கிடைக்கும் படங்களை எடுத்து அளந்து பார்க்கும் பழக்கம் நம்மிடம் பரவவில்லை என்பது என் எண்ணம். இரண்டு படங்களை அருகருகே வைத்து வித்தியாசம் தெரிகிறது என்று சொல்வது எளிது. அந்த வித்தியாசத்தில் பனியின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு, கேமரா சாய்ந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. கீழே உள்ள படிகள் பெரும்பாலும் அதைப் பற்றியவை.

முதல் படி: எந்தப் பனியை அளக்கிறோம் என்று தீர்மானித்தல்

செவ்வாயின் துருவங்களில் ஒரே வகைப் பனி இல்லை. வடதுருவத்தில் கோடையிலும் எஞ்சி நிற்கும் பனிமூடி தண்ணீர்ப் பனியால் ஆனது. ஏறத்தாழ 1,000 கி.மீ. அகலம் உடையது. தென்துருவத்திலும் அடியில் மிகத் தடிமனான தண்ணீர்ப் பனி அடுக்குகள் உண்டு. ஆனால் அங்கே கோடையிலும் கரையாமல் மேலே படர்ந்திருக்கும் வெண்மையான பகுதி, உறைந்த கார்பன் டை ஆக்சைடு, அதாவது உலர்பனி. அது பெரும்பாலான இடங்களில் சுமார் 8 மீட்டர் தடிமன் மட்டுமே கொண்ட மெல்லிய படலம்.

இவை இரண்டுக்கும் மேலாக, ஒவ்வொரு குளிர்காலத்திலும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே ஏறத்தாழ மைனஸ் 125 டிகிரி செல்சியஸில் உறைந்து, துருவத்திலிருந்து நடு அட்சரேகைகள் வரை பருவப் பனியாகப் படிகிறது. வசந்தத்தில் திரவமாகாமல் நேரே ஆவியாகிவிடுகிறது. இந்தப் போக்குவரத்தால் கோள் முழுவதும் காற்றழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி இறங்குவதை, 1976இல் தரையிறங்கிய வைக்கிங் கலங்கள் பதிவு செய்தன. மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்தில் இருந்த மோலா என்ற லேசர் உயரமானி, உயர் அட்சரேகைகளில் பருவப் பனி ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம் வரை படிந்து மறைவதை அளந்தது. அந்த லேசர் 2001 ஜூனில் நின்றுவிட்டது.

பருவப் பனியின் விளிம்பு வாரத்துக்கு வாரம் நகரும். எஞ்சிய பனியின் சுவர் செவ்வாய் ஆண்டு ஒன்றுக்குச் சில மீட்டர்தான் நகரும். முதலாவதற்கு அகன்ற படமும், இரண்டாவதற்கு நுணுக்கமான படமும் வேண்டும். புதிதாகத் தொடங்குவோருக்கு என் பரிந்துரை, தென்துருவ உலர்பனிப் படலத்தில் செங்குத்தான சுவர்களோடு அமைந்த குழிகள். அவை மாறுவது உறுதியாகத் தெரிந்த செய்தி என்பதால், உங்கள் முறை சரியா என்பதைச் சோதித்துக்கொள்ள உதவும்.

இரண்டாம் படி: செவ்வாயின் பஞ்சாங்கத்தைப் பழகிக்கொள்ளுதல்

செவ்வாய் சூரியனை ஒருமுறை சுற்ற நம் கணக்கில் 687 நாட்கள் ஆகின்றன. ஆகவே 2020 ஜனவரிப் படத்தையும் 2021 ஜனவரிப் படத்தையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. அங்கே இரண்டும் வெவ்வேறு பருவங்கள். ஆய்வாளர்கள் தேதிக்குப் பதிலாகச் சூரிய நெட்டாங்கு என்ற கோணத்தைப் பயன்படுத்துகிறார்கள்; படப் பட்டியல்களில் இது ‘எல்எஸ்’ என்ற சுருக்கத்தோடு வரும். 0 பாகை என்றால் வடகோளத்தின் வசந்தத் தொடக்கம், 90 என்றால் வடகோளக் கோடையின் உச்சம், 180 தென்கோள வசந்தம், 270 தென்கோளக் கோடையின் உச்சம்.

தமிழ் மாதக் கணக்கு தெரிந்தவருக்கு இது புதிதாக இராது. சூரியன் ஒவ்வொரு ராசியாக 30 பாகை நகர்வதை வைத்தே சித்திரை, வைகாசி என்று எண்ணுகிறோம். ஆனிக்கு 32 நாளும் மார்கழிக்கு 29 அல்லது 30 நாளும் வருவதற்குக் காரணம், பூமி சூரியனுக்கு அருகில் இருக்கும்போது விரைந்தும் தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் ஓடுவது. செவ்வாயின் பாதை இன்னும் நீண்ட நீள்வட்டம் என்பதால் அங்கே இந்த வேறுபாடு பெரிது. 30 பாகை கொண்ட ஒரு ‘மாதம்’ 46 செவ்வாய் நாட்களில் முடிவதும் உண்டு, 67 நாட்கள் நீள்வதும் உண்டு.

ஆண்டுகளை எண்ணுவதற்கு 1955 ஏப்ரல் 11ஐச் செவ்வாய் ஆண்டு 1இன் தொடக்கமாக வைத்திருக்கிறார்கள். பவானிசாகர் அணை கட்டி முடிந்ததும் அதே 1955இல்தான் என்பதால், ஈரோட்டுக்காரர்களுக்கு இந்த ஆண்டு மனத்தில் நிற்கும். செவ்வாய் ஆண்டு 38, 2024 நவம்பர் 12இல் தொடங்கியது.

இதிலிருந்து வரும் விதி ஒன்றே. எல்எஸ் மதிப்பு ஒன்றுக்கொன்று ஐந்து பாகைக்குள் இருக்கும், வெவ்வேறு செவ்வாய் ஆண்டுகளைச் சேர்ந்த படங்களை மட்டுமே எஞ்சிய பனிக்காக ஒப்பிடுங்கள். தென்துருவக் குழிகளுக்கு, பருவப் பனி விலகிச் சுவர்கள் தெளிவாகத் தெரியும் தென்கோடையின் பிற்பகுதி உகந்தது. செவ்வாய் ஆண்டுகள் 25, 28, 34 ஆகியவற்றில், அதாவது 2001, 2007, 2018இல், கோள் முழுவதையும் புழுதிப்புயல் மூடியது. அந்த ஆண்டுகளின் படங்களில் பனியின் வெண்மை குறைந்து தெரிந்தால் உடனே கரைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

மூன்றாம் படி: கருவியைத் தேர்ந்தெடுத்தல்

மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டரில் மூன்று கேமராக்கள் நமக்குப் பயன்படும். மார்சி என்ற அகலக் கேமரா நாள்தோறும் கோள் முழுவதையும் படமெடுக்கிறது. பருவப் பனியின் விளிம்பைத் தொடர அது போதும். சிடிஎக்ஸ் என்பது பிக்சலுக்கு 6 மீட்டர் வீதம் 30 கி.மீ. அகலத்தைக் காட்டுவது, இடத்தை அடையாளம் காணவும் வழிகாட்டிப் படமாகவும் இதை வைத்துக்கொள்ளலாம். ஹைரைஸ் என்பது பிக்சலுக்கு 25 செ.மீ. வரை நுணுக்கம் கொண்டது. சுமார் 6 கி.மீ. அகலமான பட்டையை மட்டும் எடுக்கும். குழிச்சுவர்களை அளக்க இதுதான் வேண்டும்.

மங்கள்யான் 2013 நவம்பர் 5இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயை அடைந்தது. அதன் நீண்ட நீள்வட்டப் பாதை, தொலைவிலிருந்து முழுக்கோளையும் ஒரே சட்டத்தில் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது. ஆனால் துருவங்களின் மேல் தாழப் பறக்கும் பாதை அது இல்லை என்பதால், மீட்டர் கணக்கிலான மாற்றத்துக்கு அதன் படங்கள் உதவா. நம் கலம் என்ற அன்பு வேறு, கருவியின் பொருத்தம் வேறு.

துருவ இரவில் இந்தக் கேமராக்கள் எதுவும் பயன்படா. அங்கே வெப்பத்தை உணரும் கருவிகளும் ரேடாரும்தான் பேசும். 2011இல் அதே ஆர்பிட்டரில் உள்ள ஷராட் என்ற ரேடார், தென்துருவத்தின் அடியில் புதைந்திருக்கும் பெரிய உலர்பனிப் படிவத்தைக் காட்டியது. அது முழுவதும் ஆவியானால் செவ்வாயின் காற்று ஏறத்தாழ இருமடங்காகிவிடும். இது வியப்பான செய்தி என்றாலும், ரேடார் காட்டுவது அமைப்பைத்தான். ஆண்டுக்கு ஆண்டு நிகழும் மாற்றத்தை அதில் தேட வேண்டாம்.

நான்காம் படி: படத்தின் பெயரை வாசித்தல்

ஹைரைஸ் படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட பெயர் உண்டு. ‘பிஎஸ்பி_007338_2640’ என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று எழுத்துகள் திட்டத்தின் எந்தக் கட்டம் என்பதைக் குறிக்கின்றன. பிஎஸ்பி என்றால் தொடக்க ஆய்வுக் கட்டம், இஎஸ்பி என்றால் நீட்டிக்கப்பட்ட கட்டம். நடுவிலுள்ள ஆறு இலக்கங்கள் கலம் சுற்றிய சுற்றின் எண். கடைசி நான்கு இலக்கங்கள், அந்தச் சுற்றில் கலம் எவ்வளவு தூரம் நகர்ந்திருந்தது என்பதைப் பாகையின் பத்தில் ஒரு பங்காகச் சொல்கின்றன. 0900 தென்துருவம், 1800 பகல் பக்கத்து நிலநடுக்கோடு, 2700 வடதுருவம். எனவே 2640 என்பது 264.0 பாகை, அதில் 180ஐக் கழித்தால் 84, அதாவது வட அட்சரேகை 84க்கு அருகில். அதேபோல் 0930 என்று முடிந்தால் 93.0லிருந்து 180ஐக் கழித்து மைனஸ் 87, அதாவது தென் அட்சரேகை 87. நூற்றுக்கணக்கான படங்கள் கொண்ட பட்டியலில் துருவப் படங்களைக் கண்ணாலேயே பிரித்தெடுக்க இந்தக் கணக்கு மிகவும் உதவும்.

எடுத்துக்காட்டாகச் சொன்ன படமே புகழ்பெற்ற ஒன்று. 2008 பிப்ரவரி 19இல், வடதுருவ அடுக்குகளின் ஓரத்தில் 700 மீட்டருக்கும் மேல் உயர்ந்த, 60 பாகைக்கு மேல் செங்குத்தான சுவரிலிருந்து பனியும் புழுதியும் சரிந்துவிழும் அந்தக் கணமே அதில் பதிவானது. வட வசந்தத்தில் அதே சுவரைத் தொடர்ந்து பார்த்தால் மேலும் சரிவுகள் கிடைக்கின்றன.

பெயரை வாசித்த பின், படத்தின் பக்கத்தில் தரப்பட்டிருக்கும் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்எஸ் மதிப்பு, அடிவானத்திலிருந்து சூரியனின் உயரம், சூரியன் இருந்த திசை, கேமரா நேர்கீழிலிருந்து சாய்ந்த கோணம் ஆகியவை அவை. பிக்சல் அளவு 25 செ.மீ.யா 50 செ.மீ.யா என்பதையும் பாருங்கள், இரண்டும் புழக்கத்தில் உண்டு. 2023க்குப் பிந்தைய படங்களில், உணரி ஒன்று பழுதானதால் நடுவே வெற்றுப் பட்டை ஒன்று நீளும். உங்கள் குழி அதில் சிக்கியிருந்தால் வேறு படம் தேட வேண்டியதுதான்.

ஐந்தாம் படி: பவானிசாகரில் ஒரு வெள்ளோட்டம்

நேரே செவ்வாய்க்குப் போவதற்குமுன், இதே வேலையை உள்ளூரில் ஒருமுறை செய்துபார்க்கச் சொல்வேன். ஐரோப்பியச் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் பிக்சலுக்கு 10 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேகம் குறைந்த மார்ச் மாதத்தில், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் எடுத்த பவானிசாகர் நீர்த்தேக்கப் படங்களை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். எட்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மண் அணையின் கோடும் மதகுப் பகுதியும் அசையாத அடையாளங்கள். அவை இரண்டு படங்களிலும் பொருந்திய பிறகே நீரின் விளிம்பை வரைய வேண்டும்.

இந்தப் பயிற்சியில் முக்கியமான ஒன்று கண்ணுக்கு நேரே தெரியவரும். நீர்மட்டம் ஒரே அளவு குறைந்திருந்தாலும், அணையை ஒட்டி விளிம்பு அநேகமாக நகர்ந்திருக்காது. மாயாறும் பவானியும் வந்து சேரும் மேல்கைகளில், நிலம் சாய்வு குறைந்து கிடப்பதால், நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்கியிருக்கும். வறட்சிக் காலத்தில் டணாயக்கன் கோட்டைக் கோயில் வெளியே தெரிவது அந்தப் பக்கம்தான். விளிம்பு எவ்வளவு நகர்ந்தது என்பதும் பொருள் எவ்வளவு குறைந்தது என்பதும் ஒன்றாகாது; இடையில் தரையின் சாய்வு நிற்கிறது. அணையில் தினசரி நீர்மட்டம் அறிவிக்கப்படுவதால், உங்கள் விடை சரியா என்று ஒப்பிட்டும் பார்க்கலாம். செவ்வாயில் அந்த வசதி இல்லை.

ஆறாம் படி: நிழலையும் சாய்வையும் கழித்தல்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். தென் அட்சரேகை 87இல், கோடையின் உச்சத்திலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் 22 முதல் 28 பாகை உயரத்துக்குள்தான் நாள் முழுவதும் சுற்றிவரும். சூரியன் 25 பாகை உயரத்தில் இருக்கும்போது, 8 மீட்டர் உயரச் சுவர் ஒன்று 17 மீட்டர் நீள நிழலை விழச்செய்யும். கோடை தேய்ந்து சூரியன் 15 பாகைக்கு இறங்கினால் அதே நிழல் 30 மீட்டராகும். நாம் தேடும் மாற்றமோ செவ்வாய் ஆண்டுக்கு ஒன்று முதல் மூன்று மீட்டர். பருவம் பொருந்தாத இரண்டு படங்களில் இருண்ட ஓரத்தைச் சுவரின் விளிம்பு என்று எண்ணி அளந்தால், பனி கரையாமலேயே பதின்மூன்று மீட்டர் கரைந்ததாகக் கணக்கு வந்துவிடும்.

கேமராவின் சாய்வும் இதே வகைத் தொல்லை. கேமரா 10 பாகை சாய்ந்து பார்த்தால், 8 மீட்டர் உயரச் சுவரின் மேல்விளிம்பு அதன் அடியிலிருந்து 1.4 மீட்டர் தள்ளித் தெரியும். 700 மீட்டர் உயரமான வடதுருவச் சுவரில் அதே சாய்வு 120 மீட்டருக்கும் மேல் தள்ளிக் காட்டும். ஆகவே, சாய்வு கோணம் ஓரிரு பாகைக்குள் பொருந்தும் படங்களையே இணையாக எடுங்கள்.

இன்னொரு சிக்கல், தென்துருவப் பனிப்பரப்பில் அணைச்சுவர் போன்ற அசையாத அடையாளம் கிடைப்பது அரிது. சுற்றிலும் எல்லாமே பனி. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. சுவர் எங்கே இருக்கிறது என்பதை அளப்பதை விட்டுவிட்டு, வட்டக் குழியின் விட்டத்தை அளந்துவிடுங்கள். குழியின் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் வெளிப்புறமாக விலகுவதால், விட்டம் கூடியதில் பாதிதான் சராசரியாக ஒரு சுவர் பின்வாங்கிய தூரம். படங்கள் முழுவதுமாகப் பொருந்தாவிட்டாலும் விட்டம் கெடாது. சூரியனின் திசையும் உயரமும் ஒன்றாக இருந்தால், நிழலால் வரும் பிழை இரண்டு படங்களிலும் ஒரே அளவாக இருந்து கழிந்துபோகும்.

ஏழாம் படி: அளந்து, பிழையோடு எழுதுதல்

முறையைக் காட்டுவதற்கு எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். பிக்சல் 25 செ.மீ.; இரண்டு செவ்வாய் ஆண்டு இடைவெளியில் ஒரு குழியின் விட்டம் 22 பிக்சல் கூடியிருக்கிறது என்று கொள்வோம். அதில் பாதி 11 பிக்சல், அதாவது 2.75 மீட்டர், ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர். இதோடு நிறுத்திவிடக் கூடாது. அதே விட்டத்தை, முதலில் குறித்த கோட்டைப் பார்க்காமல், நண்பர் ஒருவரையும் அளக்கச் சொல்லுங்கள். குழியைச் சுற்றி எட்டுத் திசைகளில் அளந்து, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். அந்தச் சிதறல் அரை மீட்டர் என்றால், விடையைக் கூட்டல்-கழித்தல் அரை மீட்டரோடு சேர்த்தே எழுத வேண்டும். கண்ட மாற்றம் பிழையைவிட மூன்று மடங்காவது பெரிதாக இல்லையெனில், ‘மாற்றம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.

கிடைத்த எண்ணை ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது. மாலின், கேப்ளிங்கர், டேவிஸ் ஆகிய மூவர், குளோபல் சர்வேயரின் படங்களை ஒரு செவ்வாய் ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டு, தென்துருவச் சுவர்கள் ஒன்று முதல் மூன்று மீட்டர் பின்வாங்கியதை 2001இல் வெளியிட்டனர். உங்கள் விடை பத்து மீட்டர் என்று வந்தால், கண்டுபிடிப்பு என்று மகிழ்வதற்குமுன் ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.

பரப்பிலிருந்து கன அளவுக்குப் போக ஆழம் தேவை. குழிகளின் அடித்தளம் தட்டையாகவும், ஆழம் ஏறத்தாழ ஒரே அளவாகவும் இருப்பதைக் கவனித்த பர்னும் இங்கர்சாலும் 2003இல் ஒரு விளக்கம் தந்தனர். உலர்பனி கரைந்து கீழே உள்ள தண்ணீர்ப் பனியைத் தொட்டதும் இறக்கம் நின்றுவிடுகிறது. அந்தக் குளிரில் தண்ணீர்ப் பனி எளிதில் ஆவியாகாது. அதனால் குழி ஆழமாகாமல் பக்கவாட்டிலேயே அகல்கிறது. படத்தில் தெரியும் ஒரு வடிவத்திலிருந்து அடியில் இருக்கும் பொருள் எது என்று சொன்ன இந்த வாதம், வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கத் தக்கது. நிழலின் நீளத்தையும் சூரியனின் உயரத்தையும் வைத்து ஆழத்தை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆறாம் படியில் தொல்லை கொடுத்த நிழல் இங்கே அளவுகோலாகிவிடும்.

எட்டாம் படி: தொடர்ந்து பார்க்க

பெரிய கோப்புகளோடு போராட விரும்பாதவர்கள், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேமார்ஸ் என்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம். ஓர் இடத்தைச் சுட்டினால் அங்கே எடுத்த படங்களை எல்லாம் அது பட்டியலிடும். பள்ளி மாணவர்களுக்கு இன்னும் எளிய வாயில், 2013இல் தொடங்கிய பிளானெட் ஃபோர் என்ற பொதுமக்கள் திட்டம். தென் வசந்தத்தில், ஒளி ஊடுருவும் உலர்பனிப் பாளத்தின் அடியில் வாயு திரண்டு, பாளத்தைப் பிளந்துகொண்டு புழுதியோடு பீறிட்டு, விசிறி வடிவக் கறைகளைப் பனிமேல் படியவைக்கிறது. அந்தக் கறைகளை வரைந்து குறிப்பதுதான் அங்கே தரப்படும் வேலை.

செவ்வாய் ஆண்டு 39, 2026 செப்டம்பர் 30இல் வட வசந்தத்தோடு தொடங்குகிறது. பனிச்சரிவுகளைத் தேடுபவர்கள் அதைத் தொடர்ந்து வரும் மாதங்களின் வடதுருவப் படங்களைக் கவனிக்க வேண்டும். தென் வசந்தம் 2027 அக்டோபர் வாக்கில் வரும், குழிகளை அளப்பதற்கான பருவம் அதற்கும் பிறகு, 2028இல். அதற்குள் உங்கள் குழியைத் தேர்ந்தெடுத்துப் பழைய படங்களை அளந்து முடித்துவிட்டால், ஹைரைஸ் குழுவினர் 2010 முதல் நடத்திவரும் ஹைவிஷ் என்ற பக்கத்தில், அந்த இடத்தை மறுபடி படமெடுக்கும்படி நீங்களே பரிந்துரை அனுப்பலாம். இடத்தின் ஆயங்களோடு, வேண்டிய எல்எஸ் மதிப்பையும், எந்தப் பழைய படத்தோடு இணைசேர்க்கப் போகிறீர்கள் என்பதையும், காரணத்தையும் இரண்டு வரியில் எழுதினால் போதும்.